பதில் சொன்னது யார்? சர்வர், போர்ட், வலைத்தளக் கண்காணிப்பு: ஓர் எளிய விளக்கம்

தீபாவளிக்குப் பதினோரு நாள் இருந்தது. காலை ஏழு மணிக்கு அண்ணாச்சி போன் செய்தார். அவருடைய ஜவுளிக் கடையின் ஆன்லைன் விற்பனைத் தளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். "தம்பி, நேத்து மத்தியானம் ரெண்டு மணியில இருந்து ஒரு ஆர்டர்கூட வரலியே. சைட்டு ஓடுதா?" என்றார்.

லேப்டாப்பைத் திறந்து கண்காணிப்புப் பக்கத்தைப் பார்த்தேன். சர்வர், அதாவது தளம் ஓடும் கணினி, பச்சை. தளத்துக்கு வருகிறவர்கள் நுழையும் 443ஆம் போர்ட் பச்சை. வலைத்தளம் பச்சை. முந்தின நாள் முழுக்க ஒரு நொடிகூடச் சிவப்பு விழவில்லை. "எல்லாம் நல்லா ஓடுது அண்ணாச்சி" என்று சொல்ல வாயெடுத்தவன், ஏதோ தோன்றி நிறுத்திக்கொண்டேன். நானே ஒரு புடவையைத் தேர்ந்தெடுத்து வாங்கிப் பார்த்தேன். முகவரியைக் கொடுத்து அடுத்த பொத்தானை அழுத்தியதும் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது.

சர்வரின் டிஸ்க் நிரம்பியிருந்தது. நடப்பதையெல்லாம் குறித்து வைக்கும் லாக் கோப்புகள் மாதக்கணக்கில் சேர்ந்து கடைசி இடத்தையும் பிடித்துக்கொண்டுவிட்டன. ஆர்டர்களைச் சேமிக்கும் டேட்டாபேஸால் புதிதாக ஒரு வரிகூட எழுத முடியவில்லை. முகப்புப் பக்கம் கேஷிலிருந்து, அதாவது முன்பே எடுத்து வைத்த பிரதியிலிருந்து, வந்துகொண்டிருந்ததால் பார்ப்பவர் கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. இடத்தைக் காலி செய்ய எனக்குப் பத்து நிமிடம் ஆனது. அண்ணாச்சிக்குப் போனது பதினேழு மணி நேர வியாபாரம், அதுவும் தீபாவளி நேரத்தில்.

அந்த மூன்று பச்சை விளக்குகளையும் அன்று இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாக யோசித்தேன். ஒவ்வொன்றும் தன்னிடம் கேட்ட கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொல்லியிருந்தது. ஆனால் எந்தப் பதில் யாரிடமிருந்து வந்தது என்று நான் அதுவரை கேட்டதே இல்லை. இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது அந்த ஒரு கேள்வியைத்தான் என்று நினைக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கண்காணிப்பு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கணினி இன்னொரு கணினியிடம் நிமிடத்துக்கு ஒருமுறை "இருக்கிறாயா?" என்று கேட்கும். பதில் வந்தால் குறித்து வைத்துக்கொள்ளும். வராவிட்டால் ஆளைக் கூப்பிடும். 1999இல் நெட்செயின்ட் என்ற பெயரில் வந்த நாகியோஸ் என்ற கண்காணிப்புக் கருவி தொடங்கி, ஸாபிக்ஸ், ப்ரோமிதியஸ், இப்போது பலரும் வீட்டுக் கணினியிலேயே போட்டு ஓட்டும் அப்டைம் கூமா வரை எல்லாமே இதைத்தான் செய்கின்றன.

வித்தியாசம் எல்லாம் கேள்வியில் இருக்கிறது. ஒரு மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவில் அந்தக் கட்டடம் நிற்கிறதா? ஷட்டர் தூக்கியிருக்கிறதா? கல்லாவில் ஆள் இருக்கிறாரா? ஒரு கிலோ துவரம்பருப்பு கேட்டால் நிறுத்துக் கொடுத்துக் காசு வாங்கிக்கொள்கிறாரா? நான்கும் வேறு வேறு கேள்விகள். முதல் மூன்றுக்கும் ஆமாம் என்று வந்தும் நான்காவதற்கு இல்லை என்று வரலாம்.

கட்டடம் நிற்கிறதா: பிங்

கணினி உயிரோடு இருக்கிறதா என்று கேட்க எல்லோரும் முதலில் எடுப்பது பிங் என்ற கட்டளை. 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்த மைக் மூஸ் அதை எழுதினார். நெட்வொர்க்கில் ஏதோ ஒரு கோளாறு, அதைக் கண்டுபிடிக்க அவசரமாக எழுதிய சின்ன நிரல் அது. நீர்மூழ்கிக் கப்பல்கள் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்புகிறதா என்று பார்ப்பது போன்ற வேலை என்பதால் அந்தச் சோனார் ஒலியின் பெயரையே வைத்தார். எதிரொலிக்கான விதிமுறை 1981இலேயே ஐசிஎம்பி என்ற பெயரில் வகுக்கப்பட்டிருந்தது.

பிங் கொடுத்தால் திரையில் வரிசையாக வரிகள் ஓடும். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் மில்லிசெகண்டில் ஒரு நேரம் இருக்கும். சென்னையிலிருந்து அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கும் சர்வருக்கு அது 200ஐத் தாண்டும். மும்பையில் இருப்பதற்கு அதில் சிறு பங்குதான். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும் என்பதால் தூரத்துக்கான விலையை யாரும் குறைக்க முடியாது. அந்த எண் பெரிதா சிறிதா என்பதைவிட, வழக்கத்திலிருந்து மாறியிருக்கிறதா என்று பாருங்கள். தினமும் 25 காட்டும் சர்வர் திடீரென்று 180 காட்டினால் வழியில் எங்கோ நெரிசல், அல்லது பாதை மாறியிருக்கிறது.

சரி, பிங்குக்குப் பதில் சொல்வது யார்? இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல். பக்கங்களை அனுப்பும் நிரலான வெப் சர்வரோ டேட்டாபேஸோ அந்தப் பேச்சுக்குள் வருவதே இல்லை. அவை இரண்டும் செத்துக் கிடந்தாலும் கெர்னல் சளைக்காமல் பதில் அனுப்பிக்கொண்டிருக்கும். ஆகவே பிங் பச்சை என்றால் கரண்ட் இருக்கிறது, நெட்வொர்க் வழி இருக்கிறது, கெர்னல் விழித்திருக்கிறது. அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. தலைகீழாகவும் நடக்கும். வருவதை வடிகட்டும் ஃபயர்வாலில் ஐசிஎம்பியை அடைத்து வைத்திருப்பவர்கள் நிறைய. அங்கே பிங் செத்துப்போனதாகக் காட்டும், தளமோ ஜோராக ஓடும்.

ஷட்டர் தூக்கியிருக்கிறதா: போர்ட்

ஒரு கணினியில் பல சேவைகள் ஓடும். வந்த ஆள் யாரைப் பார்க்க வந்தார் என்று சொல்லத்தான் போர்ட் எண். 16 பிட்டில் எழுதப்படுவதால் 0 முதல் 65,535 வரை போகும். வலைத்தளத்துக்கு 80, பாதுகாப்பான வலைத்தளத்துக்கு 443, மின்னஞ்சல் சர்வர்களுக்கு 25, தளப் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸுக்கு 53, மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸுக்கு 3306 என்று வழக்கத்தில் நிலைத்துவிட்டன. தூரத்துச் சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சுக்கு 22 கிடைத்த கதை எனக்குப் பிடித்தமானது. 1995இல் பின்லாந்தின் டாட்டு யிலோனென் அதை எழுதியபோது, அதே வேலையைப் பாதுகாப்பில்லாமல் செய்த டெல்நெட்டையும் கோப்புகளை அனுப்பும் எஃப்டிபியையும் ஒருங்கே ஓரங்கட்ட வேண்டும் என்று நினைத்தார். எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23. நடுவில் 22 காலியாக இருந்தது. எண்களை ஒதுக்குபவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டார். மறுநாளே கிடைத்துவிட்டது.

போர்ட்டைச் சோதிப்பது என்றால், அந்த எண்ணில் டிசிபி என்ற விதிமுறைப்படி இணைப்பு ஒன்றைத் தொடங்கிப் பார்ப்பது. அது மூன்று வரி உரையாடல். "பேசலாமா?" என்று நாம் கேட்போம். "பேசலாம், நான் சொல்வது கேட்கிறதா?" என்று அது சொல்லும். "கேட்கிறது" என்று நாம் முடிப்போம். இந்த மூன்றும் நடந்தால் போர்ட் திறந்திருக்கிறது.

நடக்காதபோதுதான் கவனிக்க வேண்டும். அது இரண்டு விதமாக நடக்காமல் போகும், இரண்டுக்கும் மருந்து வேறு. ஒன்று, கேட்ட மாத்திரத்தில் "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு" என்று வருவது. பார்த்தவுடன் பயமாக இருக்கும். உண்மையில் அது நிறையத் தகவல் தரும் பதில். நீங்கள் போன முகவரியில் கணினி இருக்கிறது, போகும் வழியும் திரும்பும் வழியும் சரியாக இருக்கின்றன, அந்த எண்ணில் எந்த நிரலும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, அவ்வளவுதான். பெரும்பாலும் சேவை நின்றுபோயிருக்கும். நேராக அதன் லாகைப் பாருங்கள், மீண்டும் ஓட விடுங்கள்.

இன்னொன்று மௌனம். கேட்டுவிட்டுக் காத்திருப்பீர்கள், பத்து நொடி, இருபது நொடி, கடைசியில் "டைம் அவுட்". நீங்கள் அனுப்பியதை யாரோ வழியில் சத்தமில்லாமல் கீழே போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம், பெரும்பாலும் ஃபயர்வால். இல்லையென்றால் கணினியே அணைந்திருக்கும், அல்லது முகவரி தப்பு. இங்கே போய் வெப் சர்வரை ரீஸ்டார்ட் செய்துகொண்டிருப்பதில் பயனில்லை. சர்வரை வாடகைக்குக் கொடுத்த கிளவுட் நிறுவனத்தின் பக்கத்தில் ஃபயர்வால் விதிகளை யாராவது மாற்றினார்களா என்று பாருங்கள். மறுப்பையே பதிலாக அனுப்பும் ஃபயர்வால்களும் உண்டு என்பதால் இது நூற்றுக்கு நூறு விதியாகாது. ஆனாலும் உடனே வந்த மறுப்பா, நீண்ட மௌனமா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி ராத்திரித் தூக்கம் மிச்சம்.

புதியவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது மாட்டும் இடம் ஒன்று. 3000ஆம் போர்ட்டில் ஒரு நிரலை ஓட விடுகிறோம். சர்வருக்குள்ளேயே இருந்து சோதித்தால் திறக்கிறது. வெளியிலிருந்து வந்தால் மறுப்பு. நிரல் 127.0.0.1 என்ற முகவரியில் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். அது கணினி தனக்குத்தானே பேசிக்கொள்ளும் முகவரி. 0.0.0.0 என்று மாற்றினால் எல்லா வழியாகவும் வருபவர்களைக் கேட்கும். வீட்டுக்குள் இருந்துகொண்டு வாசல் மணி வேலை செய்கிறதா என்று பார்க்க முடியாதே. சோதனையை எப்போதும் வெளியிலிருந்து வையுங்கள்.

இப்போது அதே பழைய கேள்வி. போர்ட் திறந்திருக்கிறது என்று சொன்னது யார்? இதற்கும் பதில் கெர்னல்தான் என்று தெரிந்த அன்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு நிரல் "இந்தப் போர்ட்டில் நான் கேட்கிறேன்" என்று பதிவு செய்துவிட்டால், வருகிறவர்களுடன் அந்த மூன்று வரி உரையாடலைக் கெர்னலே முடித்து, அவர்களை வரிசையில் நிறுத்தி வைக்கும். நிரல் வந்து ஒவ்வொருவராக அழைத்துக்கொள்ள வேண்டும். நிரல் உறைந்துபோய்விட்டால்? வரிசை நிரம்பும்வரை புதிதாக வருகிறவர்களுக்கும் "பேசலாம்" என்ற பதில் போய்க்கொண்டே இருக்கும். ஷட்டர் தூக்கியிருக்கிறது, வாசலில் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், கல்லாவில் ஆள் மயங்கிக் கிடக்கிறார்.

அதனால் முடிந்த இடத்தில் நிரலையே ஒரு வார்த்தை பேச வையுங்கள். எஸ்எஸ்ஹெச் இணைந்ததும் தன் பதிப்பைச் சொல்லும். மின்னஞ்சல் சர்வர் 220 என்று தொடங்கி வணக்கம் சொல்லும். ரெடிஸ் என்ற டேட்டாபேஸிடம் "பிங்" என்றால் "பாங்" என்று திருப்பிச் சொல்லும். இந்தச் சொற்கள் வந்தால்தான் பச்சை என்று வைத்துக்கொண்டால், உறைந்த நிரல் உங்களிடமிருந்து தப்பாது. இணைப்பு ஏற்படுத்தாமலே தகவலை அனுப்பும் யுடிபி முறையில் அந்த மூன்று வரிப் பேச்சே கிடையாது என்பதால், டிஎன்எஸ் போன்றவற்றிடம் உண்மையான கேள்வி ஒன்றைக் கேட்டுப் பதில் வாங்குவதுதான் ஒரே வழி.

திறந்திருக்கக் கூடாத போர்ட்களையும் கண்காணிக்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. டேட்டாபேஸ் போர்ட் வெளியுலகத்துக்கு மூடியே இருக்க வேண்டும். 2017 ஜனவரியில் இணையத்தில் கடவுச்சொல் இல்லாமல் திறந்து கிடந்த மோங்கோடிபி டேட்டாபேஸ்கள் ஆயிரக்கணக்கில் துடைக்கப்பட்டு, பணம் கேட்டுச் சீட்டு வைக்கப்பட்டது. வெளியே ஓர் இடத்திலிருந்து 3306ஐயும் மோங்கோடிபியின் 27017ஐயும் தட்டிப் பாருங்கள். திறந்தால் அலர்ட் வர வேண்டும். நான் பார்த்துக்கொள்ளும் எல்லாச் சர்வர்களிலும் இந்தத் தலைகீழ்ச் சோதனை இருக்கிறது.

பருப்பு கிடைத்ததா: வலைத்தளம்

ஒரு பக்கம் உங்கள் திரைக்கு வருவதற்குள் பெயரை முகவரியாக மாற்ற வேண்டும், இணைய வேண்டும், இது அந்தத் தளம்தான் என்று உறுதிசொல்லும் பாதுகாப்புச் சான்றிதழைச் சரிபார்க்க வேண்டும், பக்கத்தைக் கேட்டு வாங்க வேண்டும். எதில் இடறினாலும் தளம் டவுன்தான். நல்ல கருவிகள் ஒவ்வொரு படிக்கும் ஆன நேரத்தைத் தனித்தனியே காட்டும்.

பதிலோடு ஓர் எண் வரும். 200 என்றால் சரி, 404 என்றால் அந்தப் பக்கம் இல்லை, 500 என்றால் நிரல் உள்ளே விழுந்துவிட்டது. 502உம் 504உம் வந்தால் கூடுதலாக ஒன்று தெரிகிறது: வாசலில் நிற்கும் சர்வர் நன்றாக இருக்கிறது, அது உள்ளே யாரிடம் கேட்டதோ அவர் தப்பாகப் பேசினார், அல்லது பேசவே இல்லை.

200 வந்ததும் நிம்மதியாகிவிடுவதுதான் நான் செய்த பிழை. வெற்றுப் பக்கமும் 200 என்று வரலாம். "சற்று நேரத்தில் திரும்ப வாருங்கள்" என்ற வரியும் 200 என்று வரலாம். என் விஷயத்தில் பதில் சொன்னது கேஷ். டேட்டாபேஸ் அந்தப் பேச்சிலேயே இல்லை. பக்கத்தில் குறிப்பிட்ட ஒரு சொல் இருக்கிறதா என்று பார்க்கும் வசதி பல கருவிகளில் உண்டு. அந்தச் சொல்லை டேட்டாபேஸிலிருந்து வரும் பகுதியாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கடைப் பெயரைத் தேடினால் கேஷ் செய்த பக்கமும் தேர்வாகிவிடும்.

அதைவிட நல்லது, சோதனைக்கென்றே ஒரு பக்கம் எழுதுவது. அண்ணாச்சி தளத்தில் இப்போது அப்படி ஒன்று இருக்கிறது. அதைத் திறந்தால் டேட்டாபேஸில் ஒரு வரியை எழுதும், அதையே படிக்கும், அழிக்கும், டிஸ்கில் பத்து சதவீதமாவது இடம் இருக்கிறதா என்று பார்க்கும். எல்லாம் முடிந்தால் "சரி" என்ற ஒரே சொல்லைத் தரும், இல்லையென்றால் 503, அதாவது சேவை இப்போது இல்லை என்ற எண். இருபது வரி நிரல்தான். கேஷ் அந்தப் பக்கத்தைத் தொடக் கூடாது என்பதை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்.

சான்றிதழையும் சொல்ல வேண்டும். 2020 பிப்ரவரி 3ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் சில மணி நேரம் முடங்கியது. காரணம், ஒரு சான்றிதழைப் புதுப்பிக்காமல் விட்டது. லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு தரும் இலவசச் சான்றிதழ் 90 நாளில் காலாவதியாவது பழகிய விஷயம். பொதுவான சான்றிதழ்களின் ஆயுளே 2029 மார்ச் முதல் அதிகபட்சம் 47 நாள் என்று முடிவாகியிருக்கிறது. தானாகப் புதுப்பிக்கும் நிரல் ஒருநாள் சத்தமில்லாமல் நின்றுபோகும். ஆகவே காலாவதிக்கு 14 நாள் முன்பே உங்களை எழுப்பும்படி வையுங்கள். டொமைன் பெயருக்கும் அப்படியே.

காவலாளியை எங்கே உட்கார வைப்பது?

2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை வட வர்ஜீனியாவில் விழுந்தது. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளையில் நேர்ந்த தவறால், எண்ணியதைவிட அதிகமான சர்வர்கள் கழற்றப்பட்டுவிட்டன. எந்தச் சேவை ஓடுகிறது, எது ஓடவில்லை என்று உலகுக்குச் சொல்லும் அவர்களுடைய நிலவரப் பக்கத்தை அப்போது மாற்ற முடியவில்லை. அந்தப் பக்கத்தை நிர்வகிக்கும் கருவியே எஸ்3ஐ நம்பியிருந்தது. ட்விட்டரில்தான் செய்தி சொன்னார்கள். 2021 அக்டோபர் 4ஆம் தேதி ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஆறு மணி நேரம் போல இணையத்திலிருந்தே காணாமல் போனபோதும் இதே கதை. சர்வர்கள் அணையவில்லை, அவற்றுக்குப் போகும் வழிதான் அறுந்தது. அதே வழியை நம்பியிருந்த உள் கருவிகளும் கூடவே போய்விட்டன.

இவ்வளவு பெரிய இடங்களிலேயே நடந்திருக்கிறது என்பதால் சொல்கிறேன்: மாதம் ஐநூறு ரூபாய்க்கு எடுத்த சர்வரில் தளத்தையும் வைத்து, அதைக் கண்காணிக்கும் அப்டைம் கூமாவையும் அதிலேயே வைக்காதீர்கள். சர்வர் விழுந்தால் அலர்ட் அனுப்ப வேண்டியவரும் சேர்ந்து விழுந்துவிடுவார். வேறு நிறுவனம், வேறு ஊர், முடிந்தால் இரண்டு இடம். ஓரிடத்தில் மட்டும் சிவப்பு என்றால் பிரச்சினை அந்தக் காவலாளியின் இணைப்பில்கூட இருக்கலாம். இரண்டு இடத்திலும் சிவப்பு என்றால் எழுந்து உட்காருங்கள்.

எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை கேட்பது என்பதை, எவ்வளவு இழப்பைத் தாங்க முடியும் என்பதிலிருந்து தொடங்குங்கள். வருடத்தில் 99 சதவீதம் ஓடினால் போதும் என்றால் மூன்றரை நாளுக்கு மேல் படுத்திருக்க அனுமதி. 99.9 என்றால் 8 மணி 45 நிமிடம். 99.99 என்றால் வருடம் முழுவதற்கும் 52 நிமிடம்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டு அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது. சிறு கடைக்கு நிமிடத்துக்கு ஒருமுறை போதும். ஒருமுறை பதில் வராததற்கே போனை அலற விடாதீர்கள். தொடர்ந்து மூன்று முறை தவறினால் கூப்பிடு என்று வையுங்கள். ராத்திரி மூன்று மணிக்கு நான்கு முறை வீணாக எழுப்பப்பட்டவர் ஐந்தாவது முறை போனைத் திருப்பி வைத்துவிடுவார். அன்றைக்குத்தான் நிஜமாக விழுந்திருக்கும்.

வெளியிலிருந்து தட்டிப் பார்க்க முடியாத வேலைகளும் உண்டு. இரவு இரண்டு மணிக்கு ஓடும் பேக்கப் ஒரு போர்ட்டையும் திறந்து வைத்திருக்காது. அங்கே வழக்கத்தைத் திருப்பிப் போட வேண்டும்: பேக்கப் முடிந்ததும் அதுவே காவலாளிக்கு "முடித்துவிட்டேன்" என்று ஒரு செய்தி அனுப்பட்டும், மூன்று மணிக்குள் அது வரவில்லையென்றால் அலர்ட். அண்ணாச்சிக்கு ஆர்டர் வராததும் இந்த வகைதான். அதனால் இப்போது கடைசி ஆர்டர் எப்போது வந்தது என்பதையும் காவலாளி பார்க்கிறது. பகல் நேரத்தில் மூன்று மணி நேரம் எதுவும் வரவில்லை என்றால் எனக்குச் செய்தி வரும். எல்லா விளக்கும் பச்சையாக இருந்தாலும் வரும்.

எல்லாம் அமைத்தபின் ஒரு வேலை பாக்கி இருக்கும். அலர்ட் உண்மையில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மாதத்தின் முதல் சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு நானே வெப் சர்வரை நிறுத்திவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். போன மாதம் மூன்றாவது நிமிடம் முடிவதற்குள் என் போன் அதிர்ந்தது. சேவையை மீண்டும் ஓட விட்டேன். பச்சை திரும்பியதும் மறுபடி போன். இந்த முறை அண்ணாச்சி. அவர் எண்ணையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லியிருந்தார்.

"தம்பி, கடை மூடியிருக்குன்னு மெசேஜ் வந்துச்சு. இப்ப திறந்தாச்சுன்னும் வந்திருக்கு. நீங்கதானா?"

"நான்தான் அண்ணாச்சி. சோதிச்சுப் பார்த்தேன்."

"சரி சரி. நானும் ஒரு வேட்டிய எடுத்துப் பார்த்துட்டேன். ஆர்டர் விழுந்துருச்சு" என்றார்.